ஒரு கிரெடிட் செமினார்: நல்லா படிக்கிற பசங்க தெரியாத சப்ஜெக்ட்ல போய் உக்கார்றது எதுக்கு?

வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற பசங்க ப்ராஸ்பெக்டஸ புரட்டிட்டு, ஆனர்ஸ் ஸ்டூடண்ட்ஸுக்கு ஒரு கிரெடிட் எலெக்டிவ் செமினார்னு போட்டிருக்காங்களே அது என்ன சார்னு வந்து கேக்குறாங்க. நம்ம ஊர் காலேஜ்ல செமினார்னா ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும், ஒண்ணு பிபிடி போட்டு பத்து நிமிஷம் பேசிட்டு உக்கார்றது, இன்னொண்ணு ஆடிட்டோரியத்துல சீஃப் கெஸ்ட்டுக்கு சால்வை போத்தி நடத்துறது. இது அந்த ரெண்டும் இல்ல. சேலத்துல படிக்கிற பசங்களுக்கும் அவங்க வீட்டுல இருக்குறவங்களுக்கும் இத ஒழுங்கா சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை, ஏன்னா இது வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்னு விட்டுடற விஷயம் இல்ல.

ஒரு வாத்தியார், அவர சுத்தி பன்னெண்டு பதினஞ்சு பசங்க. அவருக்கு உசுருக்கு உசுரா புடிச்ச ஒரு சின்ன டாபிக். அஞ்சு வாரமோ பத்து வாரமோ, மொத்தம் சுமாரா 15 மணி நேரம், அதுக்கு ஒரு கிரெடிட், அதாவது டிகிரி முடிக்க சேத்துக் காட்ட வேண்டிய கணக்குல ஒண்ணு. வர்ற பசங்க யாருக்கும் அந்த சப்ஜெக்ட் மெயின் கிடையாது, இஞ்சினியரிங் பையன் நாட்டுப்புறப் பாட்டு பத்தின செமினார்ல இருப்பான், பொருளாதாரம் படிக்கிற பொண்ணு பறவை பத்தினதுல இருக்கும். பரீட்சை கிடையாது, வந்து படிச்சு பேசி கடைசில ரெண்டு மூணு பக்கம் எழுதிக் குடுத்தா பாஸ், இல்லன்னா பாஸ் இல்ல, அவ்வளவுதான், நடுவுல ஏ கிரேடு பி கிரேடுன்னு எதுவும் இல்ல.

ஆனர்ஸ்ங்கறத முதல்ல சொல்லிடறேன். அமெரிக்கால பெரிய யுனிவர்சிட்டி ஒண்ணுல முப்பதாயிரம் நாப்பதாயிரம் பேர் படிப்பாங்க, அதுக்குள்ள நல்லா படிக்கிறவங்கள தனியா சேத்து அவங்களுக்கு சின்ன கிளாஸ், தனி வழிகாட்டி, கடைசி வருஷம் ஒரு ஆய்வுன்னு குடுக்குற ஏற்பாடுதான் ஆனர்ஸ் ப்ரோக்ராம். இதோட ஆரம்பம்னு பொதுவா சொல்றது ஸ்வார்த்மோர் காலேஜ், 1922ல ஃப்ராங்க் அய்டெலாட்னு அங்க பிரெசிடென்ட்டா இருந்தவர் கொண்டு வந்தாரு, அவர் ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சுட்டு வந்தவர், அங்க பாத்தத இங்க கொண்டு வந்தாரு. கவனிங்க, அது ஆழமா போறதுக்கான ஏற்பாடு. கடைசி ரெண்டு வருஷம் தன்னோட சப்ஜெக்ட்டையே சின்னக் குழுவா உக்காந்து தோண்டித் தோண்டி படிக்கணும், வெளியில இருந்து எக்ஸாமினர் வந்து கேள்வி கேப்பாங்க. நான் சொல்ல வந்த குட்டி செமினார் இதுக்கு நேர் எதிர்ப் பக்கம் போறது, ஆழமா போற பசங்கள கொஞ்சம் அகலமாவும் பாக்க வைக்கிறதுக்காக வந்தது.

ஹார்வர்டுல 1959ல முதல் வருஷப் பசங்களுக்கு ஃப்ரெஷ்மேன் செமினார்னு ஆரம்பிச்சாங்க, அதுல லெட்டர் கிரேடு கிடையாது, திருப்தி, திருப்தி இல்லன்னு ரெண்டே முடிவுதான். பாஸ்டன் பக்கத்துல இருக்குற எம்ஐடில 1971ல இருந்து ஜனவரி மாசத்துல நாலு வாரம் வழக்கமான வகுப்ப நிறுத்திட்டு, யாரு வேணா என்ன வேணா சொல்லித் தரலாம் கத்துக்கலாம்னு விட்டிருக்காங்க. லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்குற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்ததும், பசங்க எல்லாம் கலங்கிப் போய் இருக்காங்க இத பத்தி உக்காந்து பேச ஒரு இடம் வேணும்னு வாத்தியாருங்க அவசரமா ஒரு கிரெடிட் செமினார்கள ஆரம்பிச்சாங்க, ஃபியட் லக்ஸ்னு பேரு, அது அப்படியே நிலைச்சு எல்லா டாபிக்குக்கும் விரிஞ்சுடுச்சு, ஒரு வகுப்புல 20 பேருக்கு மேல இல்ல. அவசரத்துக்கு ஆரம்பிச்சது நிலைச்சதுக்கு காரணமே அது சின்னதா இருந்ததுதான், ஒரு செமஸ்டர் கோர்ஸா இருந்திருந்தா சிலபஸ் போட்டு கமிட்டி ஒத்துக்கிட்டு வர்றதுக்குள்ள வருஷம் ஓடியிருக்கும்.

சரி, நல்லா படிக்கிறவங்களுக்கு எதுக்கு தெரியாத சப்ஜெக்ட்? எனக்கு இதுல ரொம்ப அழுத்தமான கருத்து இருக்கு. ப்ளஸ் டூல 600க்கு 580க்கு மேல வாங்குன பையனையோ பொண்ணையோ கவனிச்சுப் பாருங்க, எட்டாவதுல இருந்தே அவங்க தோத்துப் போக வாய்ப்பு இருக்குற எதுலயும் இறங்கியிருக்க மாட்டாங்க. மார்க் வர்ற சப்ஜெக்ட், மார்க் வர்ற வாத்தியார், மார்க் வர்ற கேள்வி. அவங்க தப்பு இல்ல, நாமதான் அப்படி வளத்தோம். அதனால என்ன ஆகுதுன்னா ஒண்ணும் தெரியாம ஒரு இடத்துல போய் உக்காந்து, "இது எனக்குப் புரியல, திரும்ப சொல்றீங்களா"ன்னு கேக்குற பழக்கமே வர்றதில்ல. மத்த பசங்க தினம் கேட்டுப் பழகிட்டாங்க, டாப்பருக்குத்தான் அது புதுசு. நாளைக்கு பிஎச்டிக்குப் போனாலும் சரி, கம்பெனில புது டீம்ல போட்டாலும் சரி, அங்க எல்லாமே தெரியாததுதான், அப்ப முதல் தடவையா இத சந்திச்சு நொறுங்கிப் போறத நாம பாக்குறோம்.

பாஸ் ஃபெயில் மட்டும்னு வச்சதோட காரணமும் இதுதான். இதுக்கும் ஓ கிரேடு ஏ ப்ளஸ்னு போட்டீங்கன்னா என்ன நடக்கும், எந்த செமினார்ல ஈஸியா மார்க் போடுவாங்கன்னு சீனியர்ட்ட விசாரிச்சு அதுல போய் அத்தன பேரும் நிப்பாங்க, சிஜிபிஏ குறைஞ்சுடும்னு பயந்து தெரிஞ்ச சப்ஜெக்ட்டுக்குப் பக்கத்துலயே ஒண்ண எடுப்பாங்க. மார்க்க எடுத்துட்டா அந்தப் பயம் போயிடும். வெறும் ஒரு கிரெடிட்னு வச்சதுக்கும் அதே காரணம், புடிக்கலன்னா கூட அஞ்சு வாரத்துல முடிஞ்சுடும், ஒரு செமஸ்டர் வீணாகாது. நிறைய பேர் இந்த ரெண்டையும் சலுகைன்னு நினைக்கிறாங்க, என்னப் பொறுத்தவரைக்கும் இந்த ரெண்டும் இல்லன்னா அது செமினாரே இல்ல.

இப்ப இத நம்ம ஊர்ல வச்சு யோசிப்போம், அப்பத்தான் மனசுல நிக்கும். சேலத்துல ஒரு காலேஜ்ல ஜவ்வரிசி பத்தி அஞ்சு வார செமினார் போட்டாங்கன்னு வச்சுக்கங்க, வாரம் மூணு மணி நேரம். பி.காம். ரெண்டு பேர், இங்கிலீஷ் லிட்டரேச்சர் மூணு பேர், மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்னு கலந்து பதினாலு பேர். எல்லாரும் பாயசத்துல தின்னிருக்காங்க, ஆத்தூர் ரோட்ல போறப்ப அந்த புளிச்ச வாடைய மோந்திருக்காங்க, ஆனா ஒருத்தருக்கும் உள்ள நடக்குறது தெரியாது.

முதல் வாரம் வரலாறு. ஜவ்வரிசி செய்யுற குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, நம்ம மண்ணோடது கிடையாது, தென் அமெரிக்காவுல இருந்து போர்ச்சுகீசியர் வழியா வந்தது. ஜவ்வரிசிய இங்கிலீஷ்ல சேகோன்னு சொல்றோம், ஆனா அசல் சேகோங்கறது தென்கிழக்கு ஆசியாவுல ஒரு வகை பனை மரத்தோட தண்டுக்குள்ள இருந்து எடுக்குற மாவு. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல கிழக்க இருந்து அந்தச் சரக்கு வர்றது நின்னு போச்சு, அப்பத்தான் 1940கள்ல சேலத்துக்காரங்க குச்சிக்கிழங்கு மாவ வச்சு அதே மாதிரி செஞ்சு பாத்தாங்க. இத கேட்டதும் வரலாறு படிக்கிற ஒரு பொண்ணு, சிங்கப்பூர்ல ஜப்பான்காரன் வந்ததுக்கும் எங்க தாத்தா கிழங்கு போட்டதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேக்கும், அந்தக் கேள்விக்காகத்தான் மொத்த வகுப்பும்.

ரெண்டாம் வாரம் கெமிஸ்ட்ரி. கிழங்குக்குள்ள லினமரின்னு ஒண்ணு இருக்கு, கிழங்க சீவுனா நசுக்குனா அதுல இருந்து சயனைடு வரும், அதனாலதான் கசப்புக் கிழங்க பச்சையா திங்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றது. தோல் உரிச்சு அரைச்சு தண்ணி விட்டு அலசி மாவ தொட்டில படிய விடுறாங்களே, அப்ப விஷமும் தண்ணியோட போயிடுது. ஈர மாவ ஆட்டி ஆட்டி உருண்டையாக்கி, சூட்டுல வறுத்து, களத்துல வெயில்ல காயப் போடணும், மேல இருக்குற மாவு வெந்து ஓடு மாதிரி ஆகுறதாலதான் உருண்டை உதிராம நிக்குது. கெமிஸ்ட்ரி மேஜர் பசங்களுக்கு இதுல புதுசா எதுவும் இருக்காது, லிட்டரேச்சர் பசங்களுக்கு இது மொத்தமும் புதுசு, அடுத்த வாரம் அப்படியே மாறிடும்.

மூணாம் வாரம் நேரா சேகோ மில்லுக்கு. மாவு எடுத்த பிறகு மிஞ்சுற திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகுது, கழிவுத் தண்ணி எங்க போகுதுன்னு கேக்கணும், களத்துல வேலை செய்யுற அக்காங்க கிட்ட கூலி, வெயில், மழை நாள்ல என்ன பண்ணுவீங்கன்னு உக்காந்து பேசணும். நாலாம் வாரம் விலை. 1981ல ஆரம்பிச்ச சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் எதுக்கு வந்துச்சு, டெண்டர்ல எப்படி விக்கிறாங்க, வடக்க விரதத்துக்கு சாபுதானா கிச்சடி செய்யுறதால மகாராஷ்டிரா பக்கம் நம்ம சரக்கு எப்படிப் போகுது, 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடு கிடைச்சதால விவசாயிக்கு ஏதாவது மாறுமா. இங்க பி.காம். பையன் பேச ஆரம்பிப்பான், மூணு வாரமா வாயே திறக்காம இருந்தவன். கடைசி வாரம் ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்து வாசிக்கணும், விடையெல்லாம் வேணாம், இந்த அஞ்சு வாரத்துல உங்களுக்குள்ள எழும்பின ஒரு கேள்விய எடுத்து அது எங்க போகுதுன்னு எழுதுனா போதும்.

பாருங்க, இதுல யாரும் ஜவ்வரிசி நிபுணர் ஆகப் போறதில்ல. ஆனா வரலாறு படிக்கிறவங்க எப்படி யோசிக்கிறாங்க, கெமிஸ்ட் எப்படி யோசிக்கிறாங்க, வியாபாரம் தெரிஞ்சவங்க எத முதல்ல பாக்குறாங்கன்னு ஒரே பொருள வச்சு பக்கத்துல உக்காந்து பாத்துட்டாங்க.

எனக்கு இன்னும் புடிச்சது ஏற்காடு மலையையே வகுப்பா வைக்கிறது. அடிவாரத்துல மேக்னசைட், வெள்ளை வெளேர்னு, ஸ்டீல் ஃபர்னஸுக்கு உள்ள சூடு தாங்குற செங்கல் செய்யுறதுக்கு வேணும். இருபது ஹேர்பின் பெண்டு ஏறுறப்ப ரோட்டோரம் வெட்டுன பாறை கருநீலமா இருக்கும், அது சார்னோகைட். மேல போனா செம்மண்ணும் பாக்சைட்டும். ஒரே பஸ் பயணத்துல மூணு வேற வேற கதை, தினம் மேல கீழ போயிட்டு வர்றவங்க கூட ஏன் இப்படின்னு கேக்குறதில்ல. கெமிஸ்ட்ரி தெரிஞ்சா பதில் சிம்பிள்தான், மெக்னீசியம் நிறைய இருக்குற பாறைல கார்பன் டை ஆக்சைடு கலந்த தண்ணி எறங்கி மேக்னசைட் ஆச்சு, உச்சில சார்னோகைட் பாறை காலங்காலமா மழைல கரைஞ்சு அலுமினியம் மட்டும் மிஞ்சி பாக்சைட் ஆச்சு.

இந்த மலையோட சம்பந்தப்பட்ட ஒருத்தர் இந்த செமினார் யோசனைக்கே பொருத்தமானவர். ராபர்ட் புரூஸ் ஃபூட், ஜியாலஜிக்கல் சர்வேல வேலை பாத்தவர், பாறை பாக்குறதுதான் அவரு உத்தியோகம். 1863 மே 30 அன்னைக்கு சென்னைக்குப் பக்கத்துல பல்லாவரத்துல ஒரு கல்ல எடுத்தாரு, இது தானா உடைஞ்ச கல் இல்ல, மனுஷன் கை பட்டு செதுக்குன கோடாரின்னு கண்டுபுடிச்சாரு. இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு தெரிய வந்ததே அப்பத்தான். அதே வருஷம் அத்திரம்பாக்கத்துலயும் கிடைச்சுது, அந்த இடத்துக் கருவிங்க சுமாரா 15 லட்சம் வருஷம் பழசுன்னு பின்னால வந்த ஆய்வு சொல்லுது. அவரு பின்னால ஏற்காட்டுல குடியிருந்தாரு, அங்க ஹோலி ட்ரினிட்டி சர்ச்சுல அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கு. பாறைய மட்டும் பாக்கணும்னு அவர் நினைச்சிருந்தா அந்தக் கல்ல தாண்டிப் போயிருப்பாரு. பக்கத்து சப்ஜெக்ட்ட எட்டிப் பாக்குற பழக்கம் இருந்ததால நின்னு குனிஞ்சு எடுத்தாரு. ஏற்காட்டுல ஒரு சனிக்கிழமை இத சொல்லிட்டு பசங்கள ரோட்டோரப் பாறை முன்னாடி நிக்க வச்சா வேற பாடமே வேணாம்.

மாடர்ன் தியேட்டர்ஸ் இருக்கு, 1935ல டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்ச சினிமா கம்பெனி, ஏற்காடு ரோட்ல ஆர்ச் மட்டும் நிக்குது, சினிமாங்கற தொழில் எப்படி நடந்துச்சுன்னு அத வச்சு ஒரு செமினார் போடலாம். செவ்வாப்பேட்டை வெள்ளிக் கொலுசு, ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டம், எடுக்க எடுக்க வரும்.

வகுப்புக்குள்ள நடக்குறத பத்தி ஒரு வார்த்தை. வாத்தியார் லெக்சர் எடுக்குறது இல்ல. முந்தின வாரமே பத்து பதினஞ்சு பக்கம் குடுத்துடுவாரு, படிச்சுட்டு ஆளுக்கு ஒரு கேள்வியோட வரணும், படிக்காம வந்தா அங்க ஒளிய இடம் இருக்காது, பதினாலு பேர்தானே. அதனாலதான் ஆள் எண்ணிக்கைய குறைவா வைக்கிறது, அறுபது பேர் இருந்தா நாலு பேர் பேசுவாங்க மிச்சம் பேர் அட்டெண்டன்ஸுக்கு உக்காந்திருப்பாங்க. வாத்தியாருக்கும் இதுல வேற மாதிரி பொறுப்பு, பசங்க கேக்குறதுக்கு "எனக்கும் தெரியாது, அடுத்த வாரம் சேந்து பாப்போம்"னு சொல்ற தைரியம் வேணும். என் அனுபவத்துல பசங்களுக்கு ரொம்ப நாள் ஞாபகம் இருக்குறது அந்த வாத்தியாரத்தான்.

நம்ம தமிழ்நாட்டுல இது இருக்கான்னா, பாதி இருக்கு. கலை அறிவியல் காலேஜ்ல பார்ட் ஃபோர்ல நான் மேஜர் எலெக்டிவ்னு ஒண்ணு இருக்குல்ல, என்எம்இன்னு சொல்வோமே, அதோட நோக்கமே இதுதான், தன் டிபார்ட்மெண்ட்டுக்கு வெளிய ஒரு பாடம். நல்ல யோசனை. ஆனா நடைமுறைல நிறைய இடத்துல அது ஒரு ஹால்ல அறுபது எழுபது பேர், அஞ்சு யூனிட், ஒரு கைடு, கடைசில பரீட்சைன்னு ஆயிடுது, எந்த டிபார்ட்மெண்ட்ல சீட் காலி இருக்கோ அதுல தள்ளி விடுறதும் நடக்குது. பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2022 டிசம்பர்ல வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்புல நாலு வருஷ ஆனர்ஸுக்கு 160 கிரெடிட், அதுல 9 கிரெடிட் மேஜருக்கு வெளிய இருக்குற துறைகள்ல எடுக்கணும், ப்ளஸ் டூல படிச்சதையே திரும்ப எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க. தேசியக் கல்விக் கொள்கைய தமிழ்நாடு அரசு ஏத்துக்கல, அதனால இங்க மூணு வருஷ டிகிரியே தொடருது. அந்த அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், பதினஞ்சு பேர உக்கார வச்சு பேச நாலாவது வருஷம் தேவையில்ல. ஐஐடிக்காரங்க ஆன்லைன்ல நடத்துற என்பிடெல்ல நாலு வார கோர்ஸ் ஒரு கிரெடிட்டுக்கு இருக்கு, நிறைய பேர் அது போதும்னு நினைக்கிறாங்க. வீடியோ நல்லா இருக்கும், விஷயம் கிடைக்கும், ஆனா உங்க பக்கத்துல உக்காந்து உங்க பேச்ச மறுத்துப் பேச அங்க ஆள் இல்ல.

பெத்தவங்க கேக்குற கேள்வி ஒண்ணுதான், "ஏன் கண்ணு, இத படிச்சா வேலைக்கு ஆகுமா?" நேராவே சொல்லிடறேன்ங்க, ஒரு கிரெடிட் செமினார காட்டி யாரும் வேலை தர மாட்டாங்க. தெரியாதவங்க பதினாலு பேர் முன்னாடி ஒரு கேள்விய கோர்வையா கேக்க, அடுத்தவங்க சொல்றத கேட்டு தன் கருத்த மாத்திக்க உங்க பொண்ணு பழகும், இன்டர்வியூல குரூப் டிஸ்கஷன்னு வைக்கிறது இதத்தான். சில பேருக்கு பிஜில எந்தப் பக்கம் போறதுன்னு இதுல இருந்தே தெரிஞ்சுடும், வேணாம்னு தெரிஞ்சுக்கறதும் அதுல சேத்திதான், ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டி தெரிஞ்சுக்கறதுக்கு அஞ்சு வாரம் எவ்வளவோ மேல்.

எடுக்குறப்ப எப்படி தேர்ந்தெடுக்கணும்னா, தலைப்ப விட யார் நடத்துறாங்கன்னு பாருங்க, அவங்களுக்கு அந்த விஷயத்துல பைத்தியம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் உங்க மேஜர்ல இருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது, பிசிஏ படிச்சுட்டு ஏஐ செமினார் எடுக்காதீங்க தம்பி, அது எப்படியும் உங்களத் தேடி வரும். சிநேகிதங்க கூட்டமா சேந்து ஒரே செமினார எடுக்குறதையும் தவிருங்க.

காலேஜ்ல இது இல்லன்னா நீங்களே கேக்கலாம். பெர்க்லி யுனிவர்சிட்டில டீகால்னு ஒரு ஏற்பாடு, பசங்களே ஒரு தலைப்ப எடுத்து சிலபஸ் போட்டு வகுப்பு நடத்துறாங்க, ஒரு பேராசிரியர் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போடுவாரு, கிரெடிட்டும் உண்டு. இங்க அந்த அளவு உடனே வராது. ஆனா காலேஜ்கள மதிப்பிடுற நாக் கமிட்டி வர்றப்ப, பாடத்திட்டத்துக்கு மேல தனியா நடத்துற வேல்யூ ஆடட் கோர்ஸ் எத்தன நடத்துனீங்கன்னு கேப்பாங்க, அதுக்கு 30 மணி நேரத்துக்கு குறையாம இருக்கணும், அதுக்காகவே எல்லா டிபார்ட்மெண்ட்டும் வருஷா வருஷம் கோர்ஸ் தேடிட்டு இருக்கும். அந்தக் கதவு வழியா உள்ள போங்க. ரெண்டு அஞ்சு வார செமினார சேத்து ஒரு வேல்யூ ஆடட் கோர்ஸா போடலாம், ஒண்ணு ஜவ்வரிசி, ஒண்ணு ஏற்காட்டுப் பாறைன்னு. வெவ்வேற டிபார்ட்மெண்ட்ல பத்து பேர் பேர் எழுதிக் குடுங்க, புடிச்ச வாத்தியார் ஒருத்தர கூட்டிட்டு ஹெச்ஓடி ரூமுக்குப் போங்க, கைல ஒரே ஒரு பக்கம் இருக்கணும், அதுல தலைப்பு, வாரா வாரம் என்ன, எங்க கூட்டிட்டுப் போறீங்க, 15 பேருக்கு மேல இல்ல, மார்க் இல்ல பாஸ் மட்டும். மத்த எல்லாத்துலயும் விட்டுக் குடுக்கலாம், இடம், நேரம், சனிக்கிழமையா மத்தியானமா எதுவா இருந்தாலும் சரி. அந்தக் கடைசி ரெண்டுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.